பெட்ரோல் சோளம்

அக்டோபர் 4

மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது என் தங்கச்சி. போன வாரம் அவள் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை எழுதுங்க. எழுதும்போது யாரும் கத்த முடியாதுல்ல?" என்றாள். தலைநகரில் உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர் நீங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சட்டம் போடுகிறவள் அவள். எழுத்தில் கத்த முடியாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை மாவு அரைத்ததும் ஒரு கரண்டி எடுத்துக் கொதிநீரில் கிண்டி, டம்ளரில் ஊற்றி ஆறவைத்து, தட்டில் கவிழ்த்துப் பார்ப்பது எங்கள் மில்லின் வழக்கம். நல்ல மாவு என்றால் டம்ளரின் உருவத்திலேயே தட்டில் அசையாமல் நிற்கும். முந்தாநாள் கவிழ்த்தேன். தண்ணீராக ஓடி, மேஜையைத் தாண்டி, என் செருப்பை நனைத்தது. நம் மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும், தோளில் எந்நேரமும் ஒரு பழைய பெல்ட் தொங்குமே, பெல்ட்டு. "தண்ணி கூட ஊத்திட்டீங்களா முதலாளி?" என்றான். மறுபடி கிண்டினோம். அதுவும் ஓடியது.

இது எதனால் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெட்ரோல் சோளம். மக்காச்சோள மணிக்குள்ளேயே ஒரு நொதியை வைத்து விதை செய்தார்களே, அது. வெந்நீர் பட்டால் போதும், மாவுச்சத்து தானே சர்க்கரையாகக் கரைந்துவிடும். அதைப் புளிக்கவைத்துப் பெட்ரோலில் கலக்கிற ஆலைக்காரனுக்கு வேலையும் மிச்சம், செலவும் மிச்சம். குழந்தைக் கஞ்சிக்கு மாவு அரைக்கிற எனக்கு அது சனியன். மூட்டைக்குப் பதினைந்து இருபது மணி கலந்தாலே என் மாவு மாவாக நிற்காது.

வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டும், உங்கள் பேச்சைக் கேட்டு அவள் தன் நிலத்தில் அதைத்தான் விதைத்தாள். எனக்குச் சோளம் தருகிற வயல்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. காற்றில் மகரந்தம் பறந்திருக்கிறது. இரண்டு சோளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று முடிவு செய்கிற குழுவில்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? அகலமாக விடச் சொல்லி எழுதுங்கள். என் மாவில் முக்கால்வாசியை வாங்குவது ஒரே ஒரு கஞ்சிமாவுக் கம்பெனி. அவர்கள் கைவிட்டால் மில்லைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட வேண்டியதுதான். அவர்களிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

உங்கள் மச்சான்


அக்டோபர் 8

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எழுத்திலும் கத்த முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் தங்கை என் பேச்சைக் கேட்டு விதைக்கவில்லை. அவள் என் பேச்சைக் கேட்ட சம்பவம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். ஆலைக்காரர்கள் அறுவடைக்கு முன்பே விலையை உறுதி செய்து தருகிறார்கள், சந்தையில் அந்த உறுதி கிடையாது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. விதைத்து முளைத்த பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது.

அதுதான் என்னை உறுத்துகிறது. குழுவில் சேர்ந்த அன்று, "உங்க வீட்டுல யாராவது இந்தச் சோளம் போடறாங்களா?" என்று தலைவி எல்லோரையும் கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு இல்லை. இப்போது அந்த அறைக்குள் போகும்போதெல்லாம், யாராவது மறுபடி கேட்பார்களோ என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே போகிறேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இடைவெளி விஷயம். அந்த அத்தியாயத்தை எழுதியதே நான்தான். என் மேஜைக்கு எதிரே, ஜன்னலுக்கு வெளியே, ஒரு பெட்ரோல் பங்க். பயிரிலிருந்து எடுத்த எரிபொருள் இத்தனை சதவீதம் கலந்தது என்று ஒவ்வொரு பம்பின் நெற்றியிலும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சதவீதத்தை இரண்டு மடங்காக்க அரசு முடிவெடுத்தாயிற்று. எண்ணெய்க்காக வெளிநாட்டுக்குப் போகிற பணம் நம் விவசாயிக்கே போகட்டும் என்பது நல்ல எண்ணம்தானே? இடைவெளியை அகலப்படுத்தினால் முதலில் அடிபடுகிறவன் சின்ன விவசாயி. நிறைய நிலம் இருக்கிறவன் ஓரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நடுவில் விதைப்பான். ஓர் ஏக்கர்க்காரனுக்கு ஓரம்தான் வயலே. அதனால்தான் குறுகிய இடைவெளி போதும் என்று எழுதினேன். மனசாட்சியோடுதான் எழுதினேன்.

கம்பெனிக்குச் சொல்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். யார் யார் வயல் சோளம் ஓடுகிறது, யாருடையது நிற்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். காற்றுதான் காரணம் என்றால் தூரத்து வயல் சோளம் நன்றாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை


அக்டோபர் 12

மாப்பிள்ளைக்கு,

பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது.

பக்கத்து வயல் ஓடுகிறது, சரி. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சோளம் போடுகிறார். அவரைச் சுற்றி ஒருத்தரும் பெட்ரோல் சோளம் போடவில்லை. எல்லாம் தோட்டமும் தோப்பும்தான். அவர் சோளத்தை அரைத்துக் கவிழ்த்தேன். அதுவும் ஓடுகிறது. மகரந்தம் என்ன ஆற்றை நீந்தியா வந்தது? விதைக் கடைக்காரன் இரண்டையும் கலந்து விற்றிருப்பானோ என்று சந்தேகம் வந்து அவனிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீங்க போன வருஷமும் இதே விதைதான் வாங்கச் சொன்னீங்க, அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டான். திரும்பி வந்தேன்.

கஞ்சிமாவுக் கம்பெனி அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார். லோடு ஏன் வரவில்லை என்கிறார். மெஷின் ரிப்பேர் என்று மென்று முழுங்கினேன். மாதக் கடைசிக்குள் மாவு வரவில்லை என்றால் வேறு மில்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

மில்லில் சத்தமே இல்லை. இருபது வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம், சாப்பாடு எல்லாம். வேலைக்கு வருகிறவர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மேஜையில் காகிதங்களைப் புரட்டிக்கொண்டு பெரிய வேலை இருப்பது போல நடிக்கிறேன். உங்கள் குழுவில் விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, யாரையாவது கேட்டு எழுதுங்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மச்சான்


அக்டோபர் 16

மச்சானுக்கு வணக்கம்.

விஞ்ஞானி யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நேற்று எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் அங்கே விடாமல் மழை பெய்தது இல்லையா? அந்த வாரம் உங்கள் தங்கை எனக்குப் போன் செய்தாள். சோளம் நனைந்துவிட்டது, ஆலையின் டிரையருக்கு முன்னால் வண்டிகள் ரோடு முனை வரைக்கும் நிற்கின்றன, முளைவிட்டுவிடுமோ என்று அழுகிற குரலில் பேசினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது. "அண்ணன் திட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா நம்ம சோளத்தைத் தன்னோட டிரையர்ல போட்டுக் காயவச்சுக் குடுத்துடுச்சு" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

டிரையரிலிருந்து மணியை மேலே ஏற்றுகிற எலிவேட்டரும், அரைக்கிற இடத்துக்குப் போகிற பாதையும் உங்கள் மில்லில் ஒன்றுதானே? அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் மணி தங்கிவிடும், எவ்வளவு பெருக்கினாலும் போகாது என்று பெல்ட்டு புலம்பி நானே கேட்டிருக்கிறேன்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள். தப்பாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 20

மாப்பிள்ளைக்கு,

தப்பில்லை.

எலிவேட்டரின் அடித்தகட்டைக் கழற்றினோம். பெல்ட்டு தலையையும் தோளையும் உள்ளே விட்டுக் கைப்பிடி கைப்பிடியாக மணியை வாரி வெளியே போட்டான். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். இடித்துத் தண்ணீரில் கலக்கி, பெட்ரோல் சோளத்தைக் காட்டிக்கொடுக்கிற சோதனைத் தாளை நனைத்தோம். தாளில் இரண்டாவது கோடு பளிச்சென்று வந்தது. பெல்ட்டு மறுபடி தலையை உள்ளே விட்டு மிச்சத்தை வாரத் தொடங்கினான்.

மகரந்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உங்களைத் திட்டினேன், விதைக் கடைக்காரனைத் திட்டினேன். கலந்தது நான். என் மில்லில், என் கையால்.

அன்றைக்கு அவள் வந்து நின்றதை நீங்கள் பார்க்கவில்லை. தலையில் ஒரு சாக்கு, முழங்கால் வரை சேறு. "அண்ணா, நீ போடாதேன்னு சொன்னதைத்தான் போட்டேன். தப்புதான். இப்ப என்ன பண்றது சொல்லு" என்றாள். சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால் போடி என்று சொல்லியிருப்பேன். தப்புதான் என்று சொல்லிவிட்டவளை என்ன செய்வது? டிரையரைப் போடச் சொன்னேன். முடிந்ததும் பெருக்கச் சொன்னேன். பெருக்கினார்கள். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றி, ஊதி, துடைத்துக்கொண்டிருக்கிறோம். சுத்தமான சோளத்தை வெறுமனே ஓட்டி ஓட்டிக் கோழித் தீவனத்துக்குத் தள்ளுகிறேன். மாதக் கடைசிக்குள் சரியாகிவிடும். ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். என் மாவில் பெட்ரோல் சோளம் கலந்தது என்ற பேச்சு வெளியே போனால் கஞ்சிமாவுக் கம்பெனி ஒரு நாள்கூடப் பொறுக்காது. அவளிடமும் சொல்லாதீர்கள். தன்னால்தான் மில் நின்றது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள்.

மச்சான்


அக்டோபர் 24

மச்சானுக்கு,

எழுதுவதற்கு முன் நாற்காலியைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டேன். அலுவலகத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நாளைக்குக் கூட்டம். இடைவெளி அத்தியாயத்துக்கு நாளை இறுதி முடிவு. அதை எடுத்து மறுபடி படித்தேன். காற்றின் வேகத்தை அளந்திருக்கிறேன். மகரந்தம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை வரிசை விட்டால் எத்தனை ஏக்கர் வீணாகும், பெட்ரோல் விலையில் எவ்வளவு ஏறும், எல்லாம் இருக்கிறது. டிரையர் என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. லாரி இல்லை, கிடங்கு இல்லை, எலிவேட்டர் இல்லை. மழைக்காலத்தில் ஒரு ஊருக்கே ஒரு டிரையர்தான் இருக்கும், அக்கம்பக்கத்தார் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது, அந்த ஊரில் பெண்ணெடுத்த எனக்கே தோன்றவில்லை. வயல்களை எவ்வளவு தள்ளி வைத்தாலும் மணிகள் ஒரே குழியில்தான் வந்து விழுகின்றன.

நாளைக்குச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு சோளத்துக்கும் தனித்தனி டிரையர் வேண்டும் என்று விதி வரலாம். பெரிய ஆலைகள் வைத்துக்கொள்ளும். உங்களைப் போன்றவர்கள் அரைப்பதா, காயவைத்துக் கொடுப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் இரண்டு மடங்கு நிலத்தில் இந்தச் சோளம் வரும். இதே மழை பெய்யும். வேறொரு அண்ணன் தன் தங்கச்சிக்காக டிரையரைப் போடுவான்.

சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் மனைவி நிலத்துச் சோளம் என்று சொல்ல வேண்டியிருக்கும். என் கதை அதோடு முடியும். அதைப் பற்றிக் கவலைப்படுகிறேன், படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மில்லும் இதில் இருக்கிறது. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். போன் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்தால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நான் அடங்கிவிடுவேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 28

சம்மதம் கேட்டு எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. கம்பெனி அம்மாவின் போன் நேற்றே வந்துவிட்டது.

"பெட்ரோல் சோளம் காயவச்ச அந்த மில் உங்களோடதா?" என்றார். ஆமாம் என்றேன். "மெஷின் ரிப்பேர்னு சொன்னீங்களே?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை ஆளனுப்புகிறார்களாம்.

உங்கள் வீட்டுக்காரி போட்ட சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துத் தப்பித்துக்கொண்டீர்கள். சட்டம் எழுதுகிறவர் இல்லையா. எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.


நவம்பர் 1

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். படிக்காமல் கிழித்துவிடலாம்.

கூட்டத்தில் நான் மில்லின் பெயரையும் சொல்லவில்லை, உங்களையும் சொல்லவில்லை. என் மனைவியின் நிலம், பக்கத்தில் ஒரு டிரையர் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் டிரையர் வைத்திருக்கிற மாவு மில் ஒன்றுதான் என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். டிரையரைப் போலவே இதையும் கோட்டைவிட்டேன்.

சொல்லி முடித்ததும் ஒருவர், உலர்த்துவது நம் குழுவின் வரம்புக்குள் வராது என்றார். இன்னொருவர் ஆமோதித்தார். இடைவெளி நான் எழுதியபடியே நிறைவேறிவிட்டது. எழுதிய என்னைத்தான் எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்கும் வரவேண்டாம். தலைவி என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார். "சோளம் முளைச்ச அன்னைக்கே நீங்க என்கிட்ட சொல்லியிருந்தா, இன்னைக்கு நீங்க சொன்னதை எல்லாரும் கேட்டிருப்பாங்க" என்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எங்கே போனாலும் கூடவே வருகிறது.

உங்கள் தங்கையிடம் வேலை நின்றுபோன செய்தியைச் சொல்லிவிட்டேன். எதனால் என்று சொல்லவில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி. வெள்ளிக்கிழமை என்ன ஆனது? ஒரு வரி எழுதினால் போதும், திட்டியாவது.

மாப்பிள்ளை


நவம்பர் 8

மாப்பிள்ளைக்கு,

கிழிக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கழற்றிப் போட்டிருந்த எலிவேட்டரையும், கழுவின குழியையும், பெல்ட்டின் சிராய்த்த முழங்கைகளையும் பார்த்தார்கள். அவர்கள் கையாலேயே சோதனை செய்தார்கள். சுத்தம். ஒரு வருஷம் கண்காணிப்பில் வைத்து வாங்குகிறோம், ஒரே நிபந்தனை என்றார்கள். கஞ்சிச் சோளம் தவிர வேறு எந்த மணியும் இந்த கேட்டுக்குள் வரக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குக்கூட, ஒரு மூட்டைகூட. சரி என்றேன். அப்போது சுலபமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மில் ஓடியது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய மேட்டு நிலத்தில் தாமதமாக விதைத்தது ஒன்று பாக்கி இருந்ததே, அது அறுத்த அன்றே நனைந்துவிட்டது. ஆலை டிரையரில் பழையபடி வண்டி வரிசை. நேற்று மத்தியானம் டிராக்டர் வந்து மில் கேட்டுக்கு வெளியே நின்றது. இரண்டு டிரெய்லர். மேலே தார்ப்பாய். அவளேதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீங்கள் வேலையில்லாமல் இருக்கிறீர்கள், இந்தச் சோளம்தான் இந்த வருஷம் உங்கள் வீட்டுக்குச் சோறு என்பது எனக்குத் தெரியாதா? கேட்டைத் திறக்கத் தாழ்ப்பாளில் கைவைத்துவிட்டேன். பெல்ட்டு பின்னால் வந்து நின்றான். உள்ளே மில் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். டிரையர், எலிவேட்டர், கஞ்சிமாவு, உங்கள் கூட்டம், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கட்டினாள். "இதையெல்லாம் ரெண்டு பேரும் எழுதிக்கிட்டு இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உடனே வண்டியேறி வாருங்கள், மாப்பிள்ளை. ஆலை வரிசையில் அவள் தனியாக நிற்கிறாள். அந்தச் சோளம் தேறும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சாப்பாடு கொடுத்தனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. எழுத வேண்டாம் என்று அவளுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன், நேரில் வாருங்கள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நின்றிருந்தேன். திட்டவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள், பின்னால் திரும்பிப் பார்த்து வண்டியை எடுத்தாள், பிறகு நிறுத்தினாள். "அண்ணா, கேட்டுக்குப் பின்னால அந்தப் பெரிய கதவையும் சாத்திக்கோ. சாரல் உள்ள அடிக்குது பாரு, மாவு நனைஞ்சிடப் போகுது" என்றாள்.

சாத்திக்கொண்டேன்.

மச்சான்